பத்துத் தறிக்குப் பக்கத்தில் ஒரு முள்

நகரி மலையின் மூக்கை, உச்சியில் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பாறையை, சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. ஒரு சொல் பொய்யானாலும் அந்த மூக்கு இன்றைக்கே உடைந்து சத்திரவாடா பக்கம் விழட்டும். எழுத உட்காரும் முன் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், இருந்தது. பாதி எழுதியபின் மறுபடி போய்ப் பார்த்தேன், அப்போதும் இருந்தது. இதற்குமேல் ஒரு மனிதன் என்ன அத்தாட்சி கொடுக்க முடியும்.

என் பெயர் கோவர்த்தனன். வயது எழுபத்து மூன்று. நகரியில் நாற்பத்தோரு வருஷம் விசைத்தறி மேஸ்திரியாக இருந்தவன். மேஸ்திரி என்றால் தறி ஓட்டுகிறவன் இல்லை, ஓடாத தறியை ஓட வைக்கிறவன். ஊரில் ஓடுகிற தறிகளில் பாதியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியது இந்தக் கைதான். என் ஸ்பேனர் பட்ட நட்டை இன்னொருவன் கழற்றியதாக இதுவரை தகவல் இல்லை. ஒரு முறை நான் இறுக்கிய தறி ஒன்றை வரதய்யபாளையத்துக்காரர் வாங்கினார். போல்ட்டைக் கழற்ற நான்கு நாள் பார்த்துவிட்டு, கடைசியில் தரையையும் சேர்த்துப் பெயர்த்து லாரியில் ஏற்றிப் போனார். தறியை விற்ற வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் ஒரு படி இறங்கித்தான் கூடத்துக்குப் போகிறார்கள்.

தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவர்களின் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆறு தறி ஒன்றாக அடிக்கும் இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனமில்லை. ஆகவே நாங்கள் எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வோம். கல்யாணப் பந்தியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒரு சத்தமும் இல்லாமல், சாம்பாரைத் திட்டிக்கொள்கிற சௌகரியம் எங்களுக்கு மட்டும்தான் உண்டு. கூடவே ஒரு மரியாதையும் உண்டு. எங்களில் யாரும் யாரையும் பார்த்து "கேட்டுச்சா?" என்று கேட்கமாட்டோம். பதில் வரவில்லையா, முகத்துக்கு நேரே போய் நின்று இன்னொரு தடவை சொல்வோம். அதோடு சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. புத்தூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் கடையை மூடியபோது, அவர் வீட்டுத் தையல் மெஷினை நான் சரிசெய்து கொடுத்ததற்காக என்னிடம் தூக்கிக் கொடுத்தது. அதோடு ஒரே ஒரு தட்டு. நாதஸ்வரம். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்துபோனதால் வாசித்தவர் யார் என்பது அவருக்கும் எனக்கும் தெரியாது. ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிஷம். மறுபக்கத்தில் எலி ஓடியிருந்தது, அதை விட்டுவிடுங்கள்.

இந்தப் பிளேயர் இருப்பது எங்கள் வீட்டுக் கிழக்கு அறையில். அந்த அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சந்திரனின் தறிக் கொட்டகை. சந்திரன் என் மனைவி ரத்னம்மாவின் தம்பி, எனக்கு மச்சான். அவனுடைய ஆறு தறியையும் தரையோடு இறுக்கியது வேறு யாருமில்லை, நானே. அதனால் தறி அடிக்கும் ஒவ்வொரு அடியும் சிந்தாமல் சிதறாமல் தரைக்குப் போய், தரையிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து என் மேஜைக்கு வந்து, மேஜையிலிருந்து பிளேயரின் முள்ளுக்குச் சேரும். முள் தட்டில் இரண்டு சுற்று ஒழுங்காக ஓடும். மூன்றாவது சுற்றில் ஒரு குதி. பத்துச் சுற்று தாண்டிப் போய் உட்காரும். இருபத்திரண்டு நிமிஷக் கச்சேரி நாலே நிமிஷத்தில் மங்களம் பாடிவிடும். வருஷக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன தை மாதம் சந்திரன் வீட்டுக்கு வந்தான். புதிதாக நாலு தறி வாங்கியிருந்தான். பழைய தறியைவிட வேகமாக அடிக்கிற சாதி. கொட்டகையில் அவற்றை நிறுத்த இடமில்லை. வந்தவன் என்னிடம் பேசவில்லை, அக்காவிடம் பேசினான். வீடு அவள் பெயரில் இருக்கிறது, அவள் அப்பா எழுதி வைத்தது.

"யக்கா, அந்த கெழக்கு ரூமை குடு. செவுத்த இடிச்சிட்டு நாலு தறியும் அங்க போட்டுக்கறேன். சும்மாதானே கெடக்குது."

"சும்மா கெடக்கல," என்றேன். "தட்டு ஓடிக்கினு இருக்குது."

"அது ஓடுதா மாமா? நொண்டிக்கினு இல்ல இருக்குது. என்னிக்காச்சும் ஒரு பாட்ட முழுசா முடிச்சிதா? தவள மாரி தத்திக்கினு போவுது."

"உன் தறிதான்டா அதுக்கு கால ஒடிச்சிது."

"என் தறிய இறுக்குனது யாரு? நீதானே. அப்ப ஒடிச்சது நீதான்."

அது என்னவோ உண்மைதான். இருந்தாலும் அறையைக் கொடுக்கமாட்டேன் என்றேன். அவன் இடிப்பேன் என்றான். நான் அந்த மேஜையோடு சேர்த்து என்னையும் இடி என்றேன். ரத்னம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முறத்தைக் கீழே வைத்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"பங்குனி மொத நாளு. அதுவரிக்கும் அந்த நாலு தறியையும் வெளிய செவுத்தோரமா ஷீட்டு போட்டு நிறுத்து. அன்னிக்கு பத்து தறியும் ஓடணும். இந்த மனுசனும் தட்ட போடணும். ஒரு பக்கம் முழுசா, ஒரு குதி குதிக்காம ஓடிச்சின்னா ரூமு தட்டுக்கு. ஒரே ஒரு குதி, ரூமு தறிக்கு. அப்பறம் ரெண்டு பேரும் என்கிட்ட வந்து மூஞ்சிய தூக்கிக்கினு நிக்கக் கூடாது."

சந்திரன் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் விட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் அறையை நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. அது வந்துவிட்டது. இனி நகரியே எழுந்து வந்து கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

ஆடுகிற பொருளை என்ன செய்ய வேண்டும் என்பது மேஸ்திரிக்குத் தெரியாதா. இறுக்க வேண்டும். மேஜையின் நாலு காலையும் அரை அங்குல போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கினேன். பிளேயரை மேஜையோடு இறுக்கினேன். ஸ்பேனர் முனகும்வரை இறுக்கினேன். தட்டைப் போட்டேன். பக்கத்தில் தறி அடித்தது. முள் குதித்த குதியில் தன்னைச் சுமக்கிற கையோடு எழும்பி, ஜன்னல் வழியே போய், ரத்னம்மா வாசலில் காயவைத்திருந்த மிளகாய்மேல் உட்கார்ந்துவிட்டது. முன்பெல்லாம் தட்டுக்குள்ளேதான் தாண்டும். இறுக்கியபின் வீட்டைத் தாண்டியது. இன்னும் போதுமான அளவு இறுக்கவில்லை என்று நினைத்தேன். மேஸ்திரி புத்தி அப்படி.

ரத்னம்மா போல்ட்டைப் பார்த்துவிட்டு, இறுக்குகிற வேலையை நிறுத்தச் சொன்னாள். அதனால் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து, நாலு துண்டையும் பிளேயருக்கு அடியில் வைத்தேன். காலையில் தட்டைப் போட்டுவிட்டுக் கூழ் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேஜைமேல் பிளேயர் இல்லை. பந்து ரப்பர் இல்லையா. தறி அடிக்க அடிக்க அது ஒரு விரற்கடை எழும்பி எழும்பி நடந்திருக்கிறது. மேஜையிலிருந்து இறங்கி, வாசற்படி தாண்டி, ஒயரை இழுத்துக்கொண்டு தெருவில் போயிருக்கிறது.

பவன்குமார்தான் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வார்டு சச்சிவாலயத்தில், அதாவது வார்டு சர்க்கார் ஆபீசில், வேலை பார்ப்பவர், ஏர்பேட்டுக்காரர், எங்கள் தெருக் கோடியில் குடியிருக்கிறார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், சில நாள் திருப்பி.

"தாத்தகாரு, இதி மீதேனா? மெயின் ரோட்டுகிட்ட நின்னுகினு இருந்துச்சி. புத்தூரு பஸ்ஸுக்கு வெயிட் சேஸ்துந்தி."

"என்னுதுதான் சார். ஏறுச்சா?"

"லேது. கண்டக்டரு லக்கேஜு ஒத்துக்கலை."

பவன்குமாரின் செல்போனில் ஒரு கருவி உண்டு. சுவர்மேல் போனை வைத்தால் அது எவ்வளவு ஆடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும். எங்கள் கிழக்குச் சுவரில் வைத்துப் பார்த்தார். கோடு திரையின் மேல்பக்கம் இடித்துக்கொண்டு நின்றது.

"தாத்தா, மீ செவுரு டான்ஸ் சேஸ்துந்தி. இது உங்க கையால ஆகாது. திருப்பதில ஒரு கடை உந்தி, பெரிய பெரிய ஸ்பீக்கர் விக்கறவங்க. அவங்கள அடுகண்டி, கேளுங்க."

திருப்பதிக்குப் போனேன். எனக்குப் பஸ்ஸில் பாதி டிக்கெட். அது எதனால் என்பது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லாதது.

கடையில் யஸ்வந்த் என்று ஒருவர். உதட்டை முழுக்க மூடிய பெரிய மீசை, ஆகவே அவர் சொன்னதில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. அந்தப் பாதியே ஒரு மணி நேரம் இருந்தது. கூர்முனை என்றார், ரப்பர் என்றார், கருங்கல் பலகை என்றார், காற்று என்றார். தரையில் வருவதைப் பிளேயருக்கு ஏறவிடக் கூடாது, பிளேயரில் இருப்பது இறங்கினால் பரவாயில்லை என்றார். கடைசியாக நாலு பித்தளைக் கூர்முனைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"வச்சிப் பாருங்க பெரியவரே. பிடிக்கலைன்னா திருப்பிக் கொண்டாங்க."

பிளேயருக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு பாதி அப்படியே நடந்தது. பிளேயரில் இருந்தது இறங்கியது. கூர்முனை வழியாகக் கச்சேரி முழுவதும் தரைக்குள் போய், தரை வழியே பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விட்டது. அன்றைக்குச் சந்திரன் லுங்கித் துணி ஓட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் துணியை விரித்தால் கட்டங்கள் ஒன்றும் சதுரமாக இல்லை. மூன்று இழை, மூன்று இழை, இரண்டு இழை. பிறகு மூன்று, மூன்று, இரண்டு. தகிட தகிட தக. கரையோரத்தில் நாதஸ்வரம் மேலே ஏறிய இடத்தில் சிவப்பு நூல் மேலே ஏறியிருந்தது. வேகமாக வாசித்த இடத்தில் நூலே தெரியாமல் ஒரே பளபளப்பு. தனி ஆவர்த்தனம் முழுசாக ஒரு லுங்கியில் இருந்தது. சத்தியவேட்டிலிருந்து வந்த வியாபாரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதே மாதிரி இருபது கட்டு வேண்டும் என்றார்.

மறுநாள் காலை சந்திரன் என் வாசலில் நின்றான்.

"மாமா, அந்த பித்தளைய இன்னொரு தபா வையேன்."

"எதுக்குடா?"

"சும்மாதான்."

"சும்மா வைக்கிறதுக்கு ரூமு வேணுமே. ரூமுல தறி வந்துட்டா தட்டு எங்க போவும்?"

அவன் கொட்டகைக்குத் திரும்பினான். முள் மட்டும் முன்போலவே குதித்துக்கொண்டிருந்தது. கூர்முனைகளை யஸ்வந்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த லுங்கி ரத்னம்மாவிடம் இருக்கிறது. கொடியில் காயும்போது பார்த்தால் தாளம் தெரியும்.

அதற்குள் மாசி பாதி போய்விட்டது. நாலு புதுத் தறியும் லாரியில் வந்து, சுவரோரம் ஷீட்டுக்கு அடியில் நின்றன. சந்திரன் அவற்றை இறுக்க வெளியாளைக் கூப்பிட்டான். என்னைக் கூப்பிடவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

யஸ்வந்த் சொன்னதில் மிச்சம் இருந்தது கல்லும் காற்றும். சித்தூரில் கல் அறுக்கும் இடத்தில் ஒரு பலகை வாங்கி வந்தேன். என் சைக்கிளைக் கவிழ்த்து ட்யூபைக் கழற்றினேன். ட்யூபைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் கல்லை வைத்து, கல்மேல் பிளேயரை வைப்பது என்று ஏற்பாடு. ட்யூபுக்குக் காற்று அடித்தேன். எவ்வளவு அடித்தேன் என்றால், ட்யூப் கல்லா கல் ட்யூபா என்று தெரியாத அளவுக்கு அடித்தேன். மேஸ்திரி கையில் பம்பைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும். தட்டைப் போட்டேன். ட்யூபும் சேர்ந்து உதைத்தது. முள் குதித்து விழுந்ததில், அதைச் சுமக்கிற கை நடுவில் வளைந்துபோயிற்று.

கை வளைந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் எங்கே போவார்கள்? புத்தூருக்கு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பிளேயரின் கையைக் கழற்றி, துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புத்தூர் பஸ் ஏறினேன். அங்கே கொய்யா மரத்திலிருந்து விழுந்த ஒரு கிராம உத்தியோகஸ்தருக்கும், ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அவர் சம்பந்திக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. கட்டுப் போடுகிறவர் துண்டைப் பிரித்தார். சிரிக்கவில்லை. விரலால் நீவிப் பார்த்தார். நல்ல மழித்த முகம், அவர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குக் கிடைத்தது.

"எப்ப வுழுந்தாரு?"

"வுழல. நடுங்கிக்கினே இருக்காரு."

"பக்கத்துல யாரு?"

"தறி. இப்ப ஆறு, பங்குனிக்கு பத்து."

தலையை ஆட்டினார். வளைந்த இடத்தை ஒரு சொடுக்கில் நேராக்கினார். ஊதுவத்திக் குச்சி பருமனில் இரண்டு மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையில் நனைத்த துணியைச் சுற்றினார். இரண்டே சுற்று.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே," என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ மேஸ்திரியா?"

"ஆமா."

"அதான். இறுக்கி கட்டுறவன்தான் கைய கெடுக்கறான். கட்டுக்கும் கைக்கும் நடுவுல ஒரு வெரலு பூர்ற அளவுக்கு எடம் வுடணும். எடம் இருந்தா ஆட்டம் அங்கியே அடங்கிடும், உள்ள போவாது. பத்து நாளைக்கு கத்திரிக்கா துன்னக் கூடாது. அது உனுக்கு."

நாற்பத்தோரு வருஷம் இறுக்கியவனிடம் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நகரியில் இறங்கினதும் நேராக வீட்டுக்குப் போய், ட்யூபின் வால்வைத் திறந்து காற்றை இறக்கினேன். விரல் வைத்து அழுத்தினால் பாதி அமுங்குகிற அளவுக்கு விட்டேன். ஒரு மரத் தட்டில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் ட்யூப், அதன்மேல் கல், கல்மேல் பிளேயர். எதையும் எதோடும் சேர்த்து ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கை பரபரவென்று வந்தது. ஸ்பேனரை எடுத்து ரத்னம்மாவிடம் கொடுத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கச் சொன்னேன்.

பங்குனி முதல் நாள் வந்தது. காலை பத்து மணி. அறைக்குள் நான், ரத்னம்மா, போனோடு பவன்குமார். வாசற்படியிலும் ஜன்னலிலும் தெருக்காரர்கள். ஒரு டம்ளரில் விளிம்பு தட்ட மோர் ஊற்றி ரத்னம்மா கல்மேல் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தினாலும் தெரியட்டும் என்றாள். அந்தப் பக்கம் பத்துத் தறியும் கிளம்பின. நான் முள்ளை இறக்கினேன்.

முதல் நிமிஷத்திலேயே பாதம் எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டது. ஒன்பது தறி ஒழுங்காக அடிக்கிறது, ஒன்று ஆடிக்கொண்டு அடிக்கிறது. சுவரை ஒட்டியிருக்கும் புதுத் தறி. சந்திரன் அதன் போல்ட்டை வேண்டுமென்றே தளர்த்தியிருந்தான். நான் இறுக்கியதை அவனால் தளர்த்தியிருக்க முடியாது, வெளியாள் இறுக்கியது என்பதால் முடிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. தளர்த்தட்டும். தளர்ந்த தறிக்கும் பதில் சொல்லத் தெரியாவிட்டால் இந்த அறை எனக்கு எதற்கு?

ஐந்தாவது நிமிஷத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது. மோர் அசையவில்லை. ஒன்பதாவது நிமிஷத்தில் ஓட்டிலிருந்து ஒரு தேள் விழுந்து, தரையின் ஆட்டம் பொறுக்காமல் கல்மேல் ஏறி, அங்கே படுத்துத் தூங்கிவிட்டது. பவன்குமார் போனைக் கல்மேல் வைத்தார். எடுத்து உதறினார். மறுபடி வைத்தார்.

"தாத்தா, ஜீரோகன்னா தக்குவ வஸ்துந்தி."

சைபருக்கும் கீழே காட்டுகிறது என்கிறார். "அது இன்னா சார் அர்த்தம்?" என்றாள் ரத்னம்மா.

"பூமி ஆடாம நின்னாக்கூட இத்தனை ஆடாம நிக்காது அம்மா."

பதினேழாவது நிமிஷத்தில் சுவர் புடைத்தது. பிறகு செங்கல் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தது. பிறகு அந்த வழியாகத் தறி வந்தது. தளர்ந்த போல்ட்டோடு, எழும்பி எழும்பி, முன்பு என் பிளேயர் பந்தின்மேல் நடந்ததுபோலவே நடந்து வந்தது. கரன்ட் ஒயர் நீளமாக இருந்ததால் நிற்கவும் இல்லை, துணி போட்டுக்கொண்டே வந்தது. ஜன்னலில் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பவன்குமார் அலமாரிமேல் ஏறிவிட்டார். ரத்னம்மா புடவையைச் செருகிக்கொண்டு அங்கேயே நின்றாள். தறி என் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்று, நின்ற இடத்திலேயே அடித்தது. அதன் நாடா, அதாவது நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற கட்டை, ஒரு கட்டத்தில் தெறித்துப் பறந்து, சுழலும் தட்டுக்கு மேலாக நாலு விரற்கடை உயரத்தில் போய், எதிர்க் கதவில் குத்திக்கொண்டு நின்றது.

நான் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தூர்க் கட்டோடு, நிதானமாக, ஒரு சுற்று விடாமல் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டாவது நிமிஷம் கடைசிச் சுற்றுக்கு வந்து, அங்கேயே வட்டமடித்தது. மோர் டம்ளரை ரத்னம்மா எடுத்தாள். மேலே ஆடை படிந்திருந்தது.

தறிகளை நிறுத்தினார்கள். இடிந்த சுவர் வழியாகச் சந்திரன் வந்தான். அவன் பின்னால் தறி ஓட்டுகிற எட்டுப் பேர். சந்திரன் தட்டைப் பார்த்தான், தறியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"முள்ளு கடசி வரிக்கும் வந்துது, சரி. நடுவுல ஒரு சின்ன குதி குதிச்சிருந்தா யாருக்கு தெரியும்? அத்த கண்ணால பாக்க முடியாது யக்கா. பாட்ட கேட்டாத்தான் தெரியும். பத்து தறி சத்தத்துல அந்த பாட்டு இங்க யாருக்காச்சும் கேட்டுச்சா?"

அந்தச் சொல்லை அவன் சொல்லிவிட்டான். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் கொட்டகைகளில் நான் பிறந்து இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ரத்னம்மா நடந்து வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். ஒவ்வொரு சொல்லாக, நன்றாக வாயைத் திறந்து கேட்டாள்.

"தம்பி கேக்கறான். நீ சொல்லு. கேட்டுச்சா?"

"கேட்டுது," என்றேன். "மொத ஸ்வரத்துலேர்ந்து கடசி ஸ்வரம் வரிக்கும். ஒண்ணு வுடல. தறி உள்ள வந்துதே, அப்ப தவில்காரரு ஒரு தபா தொண்டைய செருமுனாரு. அதும் கேட்டுது."

"ரெண்டு காதாலயும்?"

"ரெண்டாலயும்."

ரத்னம்மா தம்பி பக்கம் திரும்பினாள். "கேட்டவரு சொல்லிட்டாரு. ரூமு தட்டுக்கு."

சந்திரன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பின்னால் நின்ற எட்டுப் பேரையும் பார்த்தான், அவர்கள் இப்போது தரையைப் பார்க்கவில்லை, அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது என்று சொல்கிறவனை இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. அவனும் எங்கள் ஆள்தான். வாயை மூடிக்கொண்டான்.

"அப்ப இந்த தறி?" என்று கடைசியில் அக்காவைக் கேட்டான்.

"என் ரூமுக்குள்ள கால் வச்சது என் தறி. நீயா கொணாந்து வுட்டியா, அதுவா வந்துதா?"

"அதுவாத்தான் வந்துது."

"அப்ப சரி. செவுத்த நாளைக்குள்ள கட்டிக் குடு. மத்த மூணுக்கும் ஏகாம்பரகுப்பத்துல எடம் பாரு. போறப்ப ஒரு வாய் மோர் குடிச்சிட்டு போ."

குடித்துவிட்டுத்தான் போனான். சுவரைக் கட்டிக் கொடுத்தான். தறி வாசல் வழியாக வெளியே போகாது, அதனால் அது கிழக்கு அறையிலேயே தங்கிவிட்டது. ரத்னம்மா அதில் லுங்கி ஓட்டுகிறாள். சந்திரன் வாரத்துக்கு ஒரு முறை வந்து வாசலில் நின்று, அந்த மூன்று மூன்று இரண்டு கட்டம் மறுபடி விழுகிறதா என்று எட்டிப் பார்க்கிறான். விழாது. கல்லும் காற்றும் இருக்கும்வரை என் தட்டிலிருந்து ஒரு ஸ்வரமும் அவனுக்குக் கிடையாது. தேள் இன்னும் கல்மேல்தான் தூங்குகிறது, தட்டைத் துடைக்கும்போது கொஞ்சம் நகர்த்தி வைப்பேன்.

இப்போது வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மலையின் மூக்கு அப்படியே இருக்கிறது. இன்று காலையும் பத்து மணிக்குத் தட்டைப் போட்டு, பக்கத்தில் தறி அடிக்க அடிக்க, இருபத்திரண்டு நிமிஷமும் உட்கார்ந்து ஒரு ஸ்வரம் விடாமல் கேட்டேன். திருப்பதி பஸ்ஸில் பாதி டிக்கெட்டுக்காக நான் நீட்டுகிற, 2012-ல் மாவட்ட மருத்துவக் குழு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அட்டையில், எனக்கு இரண்டு காதும் நூற்றுக்கு நூறு கேட்காது என்று எழுதியிருக்கிறது.